கதர் அணிந்த ரஸாயனி

எடப்பாடியில் தறி மிதிக்கும் நெசவாளியின் கால் சோர்வதும், சற்று மூச்சு வாங்கி இளைப்பாறியதும் மீண்டும் பலம் பெறுவதும் யாவரும் அறிந்ததே. அதன் ரஸாயன மர்மத்தை விளக்க வழிகண்டவர்களுள் ஒருவர் நம் நாட்டு டாக்டர் எல்லாப்பிரகட சுப்பா ராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்த இவர், சென்னை வைத்தியக் கல்லூரியில் பயின்றபோது காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி தரித்தார். வெள்ளைக்கார ஆசிரியர் வெகுண்டார், எம்.பி.பி.எஸ். கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

அவர் தளரவில்லை. 1923-ல் அமெரிக்கா சென்று, ஹார்வர்ட் சர்வகலாசாலையில் ஃபிஸ்க் என்பாருடன் தசைகளை ஆராய்ந்தார். உழைக்கும் தசையில் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருள் சிதைந்து சக்தி அளிக்கிறது. ஓய்வில் மீண்டும் கூடுகிறது. இதனை 1927-ல் வெளியிட்ட இவ்விருவரும், 1929-ல் ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருளையும் அறிவித்தனர். இவ்விரண்டுக்குமிடையே சக்தியைக் கைமாற்றுவது ஓர் என்ஸைம் என்பது பின்னர் விளங்கிற்று. என்ஸைம் இருந்தும், பிராணவாயு குறைந்தால் செலவான இருப்பு செவ்வனே நிரம்பாது.

1948-ல் நியூயார்க்கில் மறையும்வரை அவர் இந்தியராகவே வாழ்ந்தார். பட்டத்தைக் குறைக்க அதிகாரத்தால் முடிந்தது. அறிவைக் குறைக்க முடியவில்லை. நம் வாலிபர்கள் இதனைச் சிந்திப்பார்களாக!