கல்லெழுத்தை ஒளியில் வரைந்தவர்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்குச் செல்வோர் பலரும் விமானத்தை அண்ணாந்து நோக்கி வியப்பர். அதன் அடிப்பகுதியில் வரிவரியாக ஓடும் எழுத்துக்களைக் குனிந்து நோக்குவோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் தமிழ்ப் புலவரல்லர், ஆங்கிலப் படைத்தலைவர். லினேயஸ் டிரைப் என்னும் அவருடைய வரலாற்றை நம் மாணாக்கர் அறிதல் நன்றென எண்ணுகின்றேன்.

டிரைப் 1822ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் டெவன் நாட்டில் பிறந்தார். இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையிற் சேர்ந்தார். 1850களின் தொடக்கத்தில் விடுப்பிலே தாயகத்திற் றங்கியிருந்த காலத்து, அந்நாளிற் புதிதாயிருந்த நிழற்படக் கலையைப் பயின்றார். மீண்டு வந்து, 1854ஆம் ஆண்டின் இறுதியிலே ஹளபேடு, பேலூர்க் கோயில்களைப் படம்பிடித்தார். 1855இல் அரச தூதுக்குழுவுடன் பர்மா சென்றார். அடுத்த ஆண்டிலே சென்னை மாகாண அரசு அவரைத் தன் நிழற்படக் கலைஞராக அமர்த்தியது.

1857 டிசம்பர் முதல் 1858 ஏப்ரல் வரை அவர் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனத் தமிழகத்தில் உலாவினார். அக்காலத்துப் படப்பிடிப்பு எளியதன்று. மெழுகூட்டிய தாளை வெள்ளியுப்பில் தோய்த்து, ஒளிபடாது காத்துப் பெட்டியுள் இடவேண்டும். வெளியிடத்திலேயே ஒளி நெடுநேரம் படவேண்டிய தாளைக்கொண்டு மதுரைப் புதுமண்டபத்தின் உள்ளே தூண்வரிசைகளைப் படம்பிடித்தமையை என்னென்பது! வெயில் சாய்ந்து புகும் திசையறிந்து, அசையாது காத்திருந்தாலன்றி, தூணின் சிற்பம் தாளிலே துலங்காது. மிகு வெப்பமும் தாளைக் கெடுக்க வல்லது.

அவர் செயல்களுள் யான் தலையாயதாகக் கொள்வது தஞ்சையிலே நிகழ்ந்தது. விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுக்களை அவர் பகுதி பகுதியாகப் படம்பிடித்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே சுருளாக்கினார். முதலாம் இராசராசன் அளித்த கொடைகளை உரைக்கும் இக்கோயிற் கல்வெட்டுக்களை ஹுல்ட்ஸ் என்னும் செருமானிய அறிஞர் பதிப்பித்தது இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னரே. இக்கோயிற் கல்வெட்டொன்று ஈழத்து ஊர்களையும் கொடையாகக் குறித்தலின், அவ்வெழுத்துக்கள் நமக்கும் உரியன.

1857இன் கிளர்ச்சியாற் கருவூலம் வறண்டிருந்தது. 1859இல் ஆளுநராக வந்த திரெவெலியன், நிழற்படப் பணியை ஆடம்பரமெனக் கருதி நிறுத்துவித்தார். ஓரிரு ஆண்டில் அப்பணி முற்றும் ஓய்ந்தது. டிரைப் படைத்தொழிலுக்கே மீண்டார். பின்னர் ஓய்வு பெற்றுத் தாயகஞ் சென்று, 1902ஆம் ஆண்டிலே டெவன்போட்டில் மறைந்தார். நிழற்படத் தொழிலில் அவர் முனைந்து உழைத்த காலம் ஆறேழு ஆண்டுகளே.

செலவைக் கணித்த ஆளுநரை முற்றும் பழித்தல் முறையன்று. பஞ்சத்திலே முதலிற் சோறே வேண்டும். ஆயினும் சோற்றுக்குரிய செலவு ஆண்டுதோறும் வரும். சிதைந்த எழுத்தோ மீண்டும் வாராது. ஓமந்தையிலிருந்து இதனை எழுதும் எனக்கு இவ்வுண்மை ஏட்டறிவன்று. வன்னியிலே போரால் இடிந்த கோயில்கள் பல. அவற்றின் பழைய கோலத்தைக் காட்ட ஒரு படமுமின்றி முதியோர் நினைவையே நாடுகின்றோம். போர் தீண்டாத சுவரையும் திருப்பணியின் சுண்ணாம்பு மூடிவிடுகின்றது.

இந்நாளில் மாணவர் கையிலேயே படக்கருவி உண்டு. ஆசிரியர்கள் அவர்களைத் தத்தம் ஊர்க் கோயிலுக்கு அழைத்துச் சென்று, தூணையும் கல்லெழுத்தையும் படம்பிடித்து, நாளும் இடமும் குறித்துப் பள்ளி நூலகத்திலே வைப்பாராயின், டிரைப் தொடங்கிய பணி நம் மண்ணிலே தொடரும்.