காசிலே பேட்டரி!

குட்டீஸ்! அறிவியல் கண்காட்சிக்கு பேட்டரி வேண்டுமென்றால் கடைக்கு ஓடுவீர்கள்தானே? லண்டனில் புத்தக பைண்டிங் பழகிய மைக்கேல் ஃபாரடேவுக்கு அந்த வசதி இல்லை. கொல்லராக இருந்த அப்பா 1810-ல் இறந்துவிட்டார். வீட்டில் வறுமை. ஆனாலும், பைண்டிங்குக்கு வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிப் படித்ததும் பிடித்துக்கொண்ட ஆசை விடவில்லை.

1812-ல், 20 வயதில், 7 அரை பென்னி செம்புக் காசுகளை எடுத்தார். அதே அளவில் துத்தநாகத் தகட்டில் 7 வட்டங்களைத் தானே வெட்டினார். ஒரு காசு, ஒரு தகடு என அடுக்கி, ஜோடிகளுக்கு நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த 6 காகிதங்களை வைத்தார். செலவுக்கு வைத்திருந்த காசே பேட்டரியாகிவிட்டது பாருங்கள்! மின்சாரம் வந்ததா? வந்தது! தண்ணீரில் கரைத்த எப்சம் உப்பையே அது பிரித்துக் காட்டியது.

மறு வருடமே ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. 1831-ல் காந்தத்தையும் கம்பிச்சுருளையும் வைத்தே மின்சாரம் எடுத்தார், அந்த பைண்டிங் பையன்.