ஐடா ஸ்கட்டர்: அம்மாவைக் கவனித்துக்கொள்ள வந்தவர் வேலூரிலேயே தங்கியது ஏன்?

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வந்தால் போதும், பலர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிடுவாங்க. சிலர் சுற்றுலாவுக்கு. சிலர் வெளிநாட்டில் தொண்டூழியம் செய்ய. பள்ளியோ தேவாலயமோ நண்பர் குழுவோ ஏற்பாடு செய்திருக்கும். பத்து நாள், இல்லைன்னா ரெண்டு வாரம். சுவருக்குச் சாயம் பூசுவோம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்போம், சேர்ந்து படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவோம்.

வந்த பிறகு மனசுல ஒரு கேள்வி நிற்கும். நாம போனதால அங்க உண்மையிலேயே ஏதாவது மாறிச்சா?

சுமார் 130 ஆண்டுகளுக்கு முன்னால், கொஞ்ச காலம் மட்டும் தங்கலாம் என்று தமிழ்நாட்டுக்கு வந்த ஓர் இளம்பெண், வந்த இடத்தில் எந்த உதவியும் செய்ய முடியாமல் தவித்தார். அவர்தான் ஐடா ஸ்கட்டர். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்தவர்.

யார் இவர்?

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பரில் ராணிப்பேட்டையில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர்கள். அப்பா ஜான் ஸ்கட்டர், மருத்துவரும் கிறிஸ்துவ மிஷனரியும் ஆவார். தாத்தாவின் பெயரும் ஜான் ஸ்கட்டர்தான். 1819இல் இலங்கைக்குச் சென்று யாழ்ப்பாணப் பகுதியில் மருத்துவம் பார்த்தவர் அவர். ஆக, கடல் கடந்து சென்று சேவை செய்வது அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல.

ஆனால் ஐடாவுக்கு அதில் துளியும் ஆசை இல்லை. சிறு வயதில் தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியதை நேரில் பார்த்தவர் அவர். பசியால் துவண்டுபோன பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிட்டு ஊட்டிய நினைவு அவரை விட்டுப் போகவில்லை. அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர், அங்கேயே திருமணம் செய்துகொண்டு வசதியாக வாழலாம் என்றுதான் கனவு கண்டார்.

1890இல் அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லாமல் போனது. அம்மாவைக் கவனித்துக்கொள்ள ஐடா திண்டிவனத்துக்கு வந்தார். அவருடைய திட்டப்படி அது கொஞ்ச நாள் வேலைதான். அம்மா தேறியதும் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட வேண்டும்.

அந்த ராத்திரி என்ன நடந்தது?

ஒருநாள் இரவு வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வெளியே ஒரு பிராமண இளைஞர். அவருடைய மனைவி பிரசவத்தில் துடித்துக்கொண்டிருந்தார். ஐடா வந்து பார்க்க வேண்டும் என்று கெஞ்சினார். நான் டாக்டர் இல்லை, என் அப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஐடா சொன்னார். அந்த இளைஞர் மறுத்துவிட்டார். வேற்று ஆண் ஒருவர் தம் மனைவியைத் தொட்டுப் பார்ப்பதை அவருடைய வழக்கம் ஏற்கவில்லை.

சற்று நேரத்தில் மறுபடியும் கதவு தட்டப்பட்டது. இந்த முறை ஒரு முஸ்லிம் ஆடவர். பிறகு மூன்றாவதாக இன்னோர் இந்து. மூன்று பேருக்கும் அதே தேவை. அப்பா வரட்டுமா என்று கேட்டபோது மூன்று பேரிடமிருந்தும் அதே பதில்.

விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டது தெரிந்தது.

யோசிச்சுப் பாருங்க. மருத்துவர் அதே வீட்டில்தான் இருந்தார். மருந்தும் இருந்தது. உதவ வேண்டும் என்ற மனசும் இருந்தது. பெண் மருத்துவர் மட்டும்தான் இல்லை.

பிறகு என்ன செய்தார்?

ஐடா தம் திட்டத்தை மாற்றிக்கொண்டார். ஆனா, அடுத்த நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்விடவில்லை. பிரசவம் பார்க்கத் தமக்குத் தெரியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் அமெரிக்காவுக்குத் திரும்பி மருத்துவம் படித்தார். 1899இல் நியூயார்க்கில் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டம் பெற்றார். அங்கு பெண்கள் மருத்துவம் படிக்கத் தொடங்கிய காலம் அது.

கிளம்புவதற்கு முன் வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்ட நிதி திரட்டினார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்.

1900இல் ஐடா வேலூருக்குத் திரும்பினார். அதே ஆண்டில் அப்பா இறந்துவிட்டார். அருகிலிருந்து வழிகாட்ட யாரும் இல்லாத நிலையில், வீட்டில் ஓர் அறையில் ஒரே ஒரு கட்டிலோடு சிகிச்சையைத் தொடங்கினார். ஆரம்பத்தில் வரவே பலர் தயங்கினார்கள். மெல்ல நம்பிக்கை வளர்ந்தது. முதல் ரெண்டு ஆண்டில் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

வேலூருக்கு வர முடியாதவர்களைத் தேடி அவரே கிராமங்களுக்குப் போனார். முதலில் மாட்டுவண்டியில், பிறகு காரில். சாலையோர மரத்தடியில் நோயாளிகள் காத்திருப்பார்கள். அங்கேயே புண்ணுக்குக் கட்டுப்போட்டு, மருந்து கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்.

ஒருவரால் எவ்வளவுதான் முடியும்?

இந்த இடத்தில்தான் ஐடாவின் கதை வேறு திசையில் திரும்புகிறது. எவ்வளவு ஓடினாலும் தாம் ஒரே ஆள்தான் என்பதை அவர் உணர்ந்தார். அமெரிக்காவிலிருந்து இன்னும் பத்து டாக்டர்களை வரவழைத்தாலும் போதாது. உள்ளூர்ப் பெண்களே மருத்துவர்களாக, தாதியராக ஆனால்தான் நிலைமை மாறும்.

1909இல் தாதியர் பயிற்சியைத் தொடங்கினார். அடுத்து, பெண்களுக்கு ஒரு மருத்துவப் பள்ளி. யார் வந்து சேரப் போகிறார்கள் என்று அதிகாரிகளுக்கே சந்தேகம். மூன்று பேர் விண்ணப்பித்தால் பெரிய விஷயம் என்றார்களாம். 1918இல் பள்ளி திறந்தபோது வந்த விண்ணப்பங்கள் 151!

முதல் அணியில் படிப்பை முடித்த 14 மாணவிகளும் 1922இல் அரசாங்கத் தேர்வில் தேர்ச்சி பெற்றார்கள். அதே தேர்வை எழுதிய ஆண்களில் பலர் தேறவில்லை. கேலி பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

சிக்கலே வரலையா?

வந்தது, பெரிதாகவே வந்தது. மருத்துவப் பட்டயப் படிப்பு இனி போதாது, முழுப் பட்டப்படிப்பு வேண்டும் என்று அரசாங்கம் விதியை மாற்றியது. அதற்குக் கூடுதல் பேராசிரியர்கள், கூடுதல் படுக்கைகள், ஏராளமான பணம் தேவைப்பட்டன. இல்லாவிட்டால் பள்ளியை மூட வேண்டியதுதான்.

எழுபது வயதைத் தாண்டிய ஐடா மீண்டும் அமெரிக்காவுக்குச் சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். ஆண் மாணவர்களையும் சேர்க்கலாமா என்ற கேள்வி இன்னொரு பக்கம். பெண்களுக்காகப் பெண்கள் கொடுத்த பணம் அது என்று நீண்டகால ஆதரவாளர்கள் சிலர் எதிர்த்தார்கள். நெருங்கியவர்களின் மனக்கசப்பையும் ஐடா தாங்க வேண்டியிருந்தது. கடைசியில் 1940களில் கல்லூரி பட்டப்படிப்புக்கு உயர்ந்தது. ஆண்களுக்கும் கதவு திறந்தது.

1946இல் ஐடா ஓய்வுபெற்றார். பொறுப்பு ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் மருத்துவரிடம் சென்றது. 1960ஆம் ஆண்டு மே மாதம், 89 வயதில், கொடைக்கானலில் ஐடா காலமானார். ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய இடம் இன்று இந்தியாவின் முன்னணி மருத்துவமனைகளில் ஒன்று.

அப்போ நமக்கு என்ன?

ஐடாவின் முதல் பயணத்தில் யாரும் பிழைக்கவில்லை. அந்தப் பயணம் அவருக்குக் காட்டியதெல்லாம் என்ன இல்லை என்பதைத்தான். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு வந்த படிப்பிலும் உழைப்பிலும் நடந்தது.

எல்லாரும் ஐம்பது வருஷம் வெளிநாட்டில் தங்க முடியாது. தங்கவும் வேண்டாம். ஆனா அடுத்த விடுமுறைப் பயணத்துக்குப் பெயர் கொடுப்பதற்கு முன் மூணு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். அங்கு உள்ளவர்கள் கேட்ட உதவியைத்தான் செய்யப் போகிறோமா? அதைச் செய்ய நமக்குத் தெரியுமா? நாம கிளம்பிய பிறகு அந்த வேலையைத் தொடர அங்கேயே யாராவது இருப்பாங்களா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஐடா வேலூரில் கல்லூரி கட்டினார்.