ஊர்களின் கதை தேடிய கர்னல்

நிலத்தை அளக்க வந்தவர் கர்னல் காலின் மெக்கன்சி. ஆனால் அந்நிலத்தின் பழங்கதையையும் சேர்த்து வைத்ததே அவர் பெருமை.

ஸ்காட்லாந்தைச் சார்ந்த லூயிஸ் தீவில், ஸ்டோர்னவே என்னும் துறைமுக ஊரில் 1754இல் பிறந்தார். 1783இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னை வந்தார். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் நாட்டை அளக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. மலை, ஆறு, ஊரெல்லை ஆகியவை படத்தில் ஏறியதும் அவர் மனம் நிறைவடையவில்லை. இவ்வூரை எழுப்பியவர் யார், ஏரி வெட்டியவர் யார், கோயிலுக்கு மானியம் தந்தவர் யார் என்று ஊர்தோறும் கேட்டறியச் செய்தார். ஊர்க் கணக்கர் வைத்திருந்த பழஞ்சுவடிகள், செப்பேடுகள், கல்வெட்டுகள், முதியோர் சொல் ஆகியவற்றைக் கொண்டு எழுதப்பெற்ற இவ்வூர் வரலாறுகளே ‘கைபீதுகள்’ எனப்படுவன.

நம் நாட்டு மொழிகளில் அவருக்குப் புலமை இல்லை. அக்குறையை நீக்கியவர்கள் காவலி வெங்கட போரய்யாவும் அவர் தம்பி லட்சுமய்யாவும் ஆவர். 1803இல் போரய்யா இளமையிலேயே மறைய, லட்சுமய்யா அப்பணியைத் தொடர்ந்தார். இவர்கள் இன்றேல் மெக்கன்சியின் தொகுப்பு இல்லை.

பழம் பதிவின் அருமையை உணர அமராவதி ஒன்றே போதும். கிருஷ்ணை ஆற்றங்கரையிலுள்ள இவ்வூரில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜமீன்தார் வாசிரெட்டி வெங்கடாத்திரி நாயுடு புதிய நகரம் சமைத்தார். அதற்குக் கல்லும் செங்கல்லும் ஒரு பழைய மேட்டிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டன. அப்போதே மெக்கன்சி அதைச் சென்று பார்த்தார். 1816இல் மீண்டும் சென்றபோது மேட்டின் நடுவே குளம் வெட்டப்பட்டிருந்தது! எஞ்சிய சிற்பங்களை அவரும் உதவியாளரும் வரைந்தனர்; இடத்தின் அமைப்பையும் அளந்து படமாக்கினர். அது பௌத்தத் தூபி என்பது பிற்காலத்தார்க்கே தெளிவாயிற்று. ஆயினும் அளவும் படமும் இருந்தமையால்தான், பின்னர்க் காணாமற்போன கற்களையும் நாம் இன்று அறிகிறோம். பொருள் விளங்காவிடினும் கண்டதைக் கண்டவாறு குறித்து வைப்பதன் பயன் இதுவன்றோ!

1815இல் இந்தியா முழுமைக்கும் சர்வேயர் ஜெனரல் ஆனார். 1821இல் மறைந்து, கல்கத்தா பார்க் தெரு இடுகாட்டில் அடக்கமானார். அவர் விட்டுச் சென்ற சுவடிகள் 1,568, கல்வெட்டுப் படிகள் 8,076, நாணயங்கள் 6,218. 1828இல் வில்சன் இவற்றுக்குப் பட்டியல் வெளியிட்டார். சுவடிகளில் ஒரு பகுதி சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய பத்திரமோ நிலவரைபடமோ கிடக்கக்கூடும். கறையான் படிக்கும் முன் நாம் படித்துவிடுவோம்!