39 ஆண்டு வேலை, 23 ஆண்டு ஓய்வு: உ.வே.சா.வின் கணக்கு

இந்த ஆண்டு நம் குடியிருப்பில் பணி ஓய்வு பெறப்போகிறவர்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள். உங்களில் ஒருவர் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் சொல்வதற்குப் பதில் மீதி நாள் எத்தனை என்றுதான் சொல்கிறார். சென்ற வாரம் 140. அதற்குப் பிறகு என்ன திட்டம் என்று கேட்டேன். பேரனை மிருதங்க வகுப்புக்குக் கூட்டிப்போவது, மொட்டை மாடியில் தோட்டம் போடுவது, அப்பாவின் பழைய டைரிகளைத் தட்டச்சு செய்வது, ஒருமுறை கொடும்பாளூர் போய் வருவது என்று அடுக்கினார். கடைசியாகச் சொன்னது பொன்னியின் செல்வன் படம் பார்த்ததன் விளைவு. வானதியின் ஊர் அல்லவா!

திருச்சியிலிருந்து மதுரைக்குக் காரில் போகிறவர்கள் விராலிமலையைத் தாண்டியதும் கொஞ்சம் கவனமாக இருந்தால் கொடும்பாளூரைத் தவறவிட மாட்டார்கள். நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே மூவர் கோயில் இருக்கிறது. பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தன் பெயரில் ஒன்றும், மனைவியர் கற்றளி, வரகுணை பெயர்களில் இரண்டுமாகக் கட்டிய மூன்று கோயில்கள். இன்று இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் மிச்சம். ஆனால் அந்தக் கற்களைவிடப் பழைய பெருமை ஒன்று இந்த ஊருக்கு உண்டு. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரிலிருந்து மதுரைக்கு நடந்துபோகும்போது, வழியில் சந்திக்கும் ஒரு மறையவர் அவர்களுக்குப் பாதை சொல்கிறார். கொடும்பை என்ற ஊரின் குளக்கரையிலிருந்து வழி மூன்றாகப் பிரியும், மூன்றும் மதுரைக்குப் போகும் என்கிறார். அந்தக் கொடும்பைதான் கொடும்பாளூர். நீங்கள் சுங்கச்சாவடியில் பணம் கட்டிப் போகிற வழியும் ஏறக்குறைய அதேதான்.

சிலப்பதிகாரம் முழுவதையும் பழைய உரைகளோடு அச்சில் கொண்டுவந்து, இந்த வழியை நாம் வாசிக்கும்படி செய்தவர் உ.வே.சாமிநாதையர். ஆண்டு 1892. அப்போது அவர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர். பகலில் பாடம் நடத்திவிட்டு, மீதி நேரத்தில் செய்த வேலை அது. அதனால்தான் இந்த இதழில், நாள் எண்ணிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்காக, அவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அவர் சுவடி தேடிய கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

முதலில் குடும்பம். 1855-இல் பிறந்தார், ஊர் உத்தமதானபுரம். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். இராமாயணக் கதை சொல்லிக் கிடைப்பதைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். பையனுக்குத் தமிழில்தான் ஆசை என்று தெரிந்ததும், எந்த ஊரில் நல்ல ஆசிரியர் இருக்கிறாரோ அந்த ஊருக்குக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போனார். அரியலூர், குன்னம், காரை, செங்கணம் என்று அந்தப் பட்டியல் நீளும். பிள்ளையின் பள்ளிக்காக வாடகை வீடு மாறுகிற நம்மில் பலருக்கு இது புரியும். கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைக் கொண்டுவந்து சேர்த்தார்.

அதே மாயூரத்தில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் இருந்தார். மகன் தமிழோடு சங்கீதமும் கற்கட்டும் என்பது அப்பாவின் ஆசை. கொஞ்ச காலம் பாரதியாரிடம் போனார் சாமிநாதையர். ஆனால் தமிழ் படிக்க வந்தவன் நேரத்தை இரண்டாகப் பிரிப்பது பிள்ளையவர்களுக்குப் பிடிக்கவில்லை. சங்கீதம் அத்தோடு நின்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

1876-இல் ஆசிரியர் காலமானார். நான்கு ஆண்டு கழித்து, 1880-இல், கும்பகோணம் கல்லூரி வேலை வந்தது. வந்த விதம்தான் முக்கியம். அங்கே தமிழாசிரியராக இருந்தவர் தியாகராச செட்டியார். அவரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். உடல்நலம் குன்றி, வேலையை விட்டு ஓய்வுக்குப் போகும் நேரம். போகிற போக்கில் யாரோ வரட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை. தனக்குப் பிறகு யார் என்பதைத் தானே முடிவு செய்தார். சாமிநாதையர் அப்போது இருந்தது திருவாவடுதுறை மடத்தில். அவரை அனுப்ப மனமில்லாத சுப்பிரமணிய தேசிகரிடம் செட்டியாரே பேசிச் சம்மதம் வாங்கினார். கல்லூரி முதல்வர் கோபால ராவிடம் சிபாரிசும் செய்தார். 25 வயதில், மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் சாமிநாதையர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னாளில் சென்னையில் தம் வீட்டுக்குத் தியாகராஜ விலாசம் என்று பெயர் வைத்தார். தமக்கு வேலை கொடுத்து ஓய்வு பெற்றவரின் பெயர்! நம் அலுவலகங்களில் நடக்கிற பிரிவுபசார விழாக்களை நினைத்துப் பார்க்கிறேன். மாலை, மோதிரம், மிக்சர் பொட்டலம். யாருக்கு நாற்காலி போகிறது என்று எத்தனை பேர் கவலைப்படுகிறோம்?

வேலை கிடைத்த அதே 1880-இன் பிற்பகுதியில் சேலம் இராமசாமி முதலியார் முன்சீபாகக் கும்பகோணம் வந்தார். தாம் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் சாமிநாதையர் வரிசையாகச் சொல்ல, முதலியார் அசையவே இல்லை. சீவகசிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். படித்ததில்லை. அந்த ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பித்தது மற்ற எல்லாம். சிந்தாமணி 1887-இல் வந்தது. தொடர்ந்து 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. கல்லூரி விடுமுறை விட்டால் போதும், சுவடி தேடி ஏதாவது ஊருக்குக் கிளம்பிவிடுவார். இல்லையென்றால் அச்சுப் பிழை பார்க்கச் சென்னைக்கு. செலவுக்குக் கையொப்பம் சேர்த்தார். போதாததற்குக் கடன் வாங்கினார். வீட்டில் இருந்தவர்கள் அந்த விடுமுறைகளைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றல். கடற்கரைச் சாலையில் போகும்போது கல்லூரி வளாகத்தில் அவர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1906-இல் மகாமகோபாத்தியாயர் பட்டம். 1919-இல், 64 வயதில், ஓய்வு.

ஆக 39 ஆண்டு வேலை. அதற்குப் பிறகு அவருக்கு 23 ஆண்டு இருந்தது.

ஓய்வு பெற்ற கையோடு நம்மில் சிலர் ஆலோசகர் என்று வேறு வேலைக்குப் போவதுண்டே, அதை அவரும் செய்தார். 1924-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் நடத்திய மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு முதல்வரானார். மூன்று ஆண்டு இருந்தார். 1927-இல் அதையும் விட்டுவிட்டுத் திருவட்டீசுவரன்பேட்டை வீட்டுக்கே திரும்பிவிட்டார். அங்கே மகன் கலியாணசுந்தரையர் குடும்பம், சுவடிகள், புத்தகங்கள், வந்து போகும் மாணவர்கள். சிதம்பரம் போய் வந்ததற்கிடையில், 1926-இல், இரவீந்திரநாத் தாகூர் அந்த வீட்டுக்கு வந்து அவரைப் பார்த்துப் போனார். கி.வா.ஜகந்நாதன் இளைஞராக வந்து சேர்ந்து உடனிருந்து உதவினார்.

இனி, அந்த ஆண்டுகளில் அவர் எதை எடுத்தார் என்று பாருங்கள். பெரிதும் தள்ளிவைக்கப்பட்டவற்றைத்தான். ஆசிரியரின் வரலாற்றை எழுத வேண்டும் என்பது பழைய ஆசை. மீனாட்சிசுந்தரம் பிள்ளை சரித்திரம் 1933, 1934-இல் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. ஆசிரியர் காலமாகி அப்போது 57 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 1935-இல் 80 நிறைந்து சதாபிஷேகம் நடந்தது. அடுத்து 1937-இல் குறுந்தொகை. 400 பாட்டுக்கு மேல் உள்ள அந்த நூலுக்குப் பழைய உரைகள் கிடைக்கவில்லை. ஆகவே தாமே விரிவான உரை எழுதினார். அப்போது வயது 82.

இப்போது சங்கீதத்துக்கு வருகிறேன். 1936-இல் மூன்று சிறு நூல்கள் எழுதினார்: கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர். முதலாமவர், பதினேழு பதினெட்டு வயதில் தாம் பாதியில் விட்டுவந்த சங்கீத ஆசிரியர். இரண்டாமவர் அப்பாவின் குரு, உறவினரும்கூட. அப்பா வீட்டில் பாடியதும் பேசியதுமான உலகம் முழுக்க அந்தப் புத்தகங்களில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பாட்டுக் கற்றுக்கொள்ள அறுபது ஆண்டு தாமதமாகிவிட்டது. பாடியவர்களைப் பற்றி எழுத நேரம் இருந்தது. என்னைக் கேட்டால், அவர் ஓய்வில் செய்தவற்றில் மிக அந்தரங்கமானது இதுதான். சிந்தாமணியைப் பதிப்பித்தது தமிழுக்காக. இது அப்பாவுக்காக.

இன்னொன்றும் கவனியுங்கள். எளிய உரைநடையில் அவர் எழுதிய கட்டுரைகளில் பெரும்பாலானவை ஓய்வுக்குப் பிறகு கலைமகள் போன்ற பத்திரிகைகளுக்காக எழுதியவை. சிந்தாமணிப் பதிப்பைப் புரட்டிப் பார்த்து மிரண்டவர்கள்கூட (நானும்தான்) நல்லுரைக் கோவையையும் நினைவு மஞ்சரியையும் கீழே வைக்க மாட்டார்கள். வேலையில் இருந்தவரை புலவர்களுக்கு எழுதினார். ஓய்வு பெற்ற பிறகு நமக்கு எழுதினார்.

1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் என் சரித்திரம் தொடர் ஆரம்பமாயிற்று. அவருக்கு 85 நெருங்கிக்கொண்டிருந்தது. உத்தமதானபுரம் ஊர் எப்படி உண்டாயிற்று என்பதிலிருந்து நிதானமாகத் தொடங்குகிறார். அவசரமே இல்லை. ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு வண்டிப் பயணம், யார் வீட்டுத் திண்ணையில் படுத்தோம் என்பதெல்லாம் வருகிறது. வாராவாரம் இரண்டு ஆண்டுக்கு மேல் போயிற்று.

1942-இல் சென்னைக்கு ஜப்பான் குண்டு பயம் வந்தது. நகரமே காலியாகிக்கொண்டிருந்தபோது அவரும் குடும்பத்தோடு திருக்கழுக்குன்றம் போனார். அங்கே ஏப்ரல் 28-ஆம் தேதி காலமானார். தொடர் பாதியில் நின்றது. 1898-99 சமயத்தில், மணிமேகலை வெளிவந்ததையொட்டி, கதை முடிந்துபோகிறது. மாநிலக் கல்லூரியும் இல்லை, ஓய்வும் இல்லை, நான் மேலே சொன்ன 23 ஆண்டில் ஒரு நாளும் அதில் இல்லை. அந்தப் பகுதியைப் பிற்பாடு கி.வா.ஜ. தம் ஆசிரியரைப் பற்றி எழுதிய நூலிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடிகிறது.

சேர்த்துவைத்த சுவடிகளை மகன் காப்பாற்றிக் கொடுத்தார். 1943-இல் ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியில் அவர் பெயரில் நூல்நிலையம் அமைந்தது; இப்போது பெசன்ட் நகரில் இருக்கிறது. சுவடிகளே 2000-க்கு மேல். தியாகராஜ விலாசம் மட்டும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் இடித்துவிட்டார்கள்.

நம் சங்க அறையில் உள்ள புத்தக அலமாரியில் என் சரித்திரம் ஒரு பிரதி உண்டு. தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு அத்தியாயமும் நாலைந்து பக்கம்தான். படிக்க விரும்புகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இப்போது அது லிஃப்டில் நாள் எண்ணுகிறவரிடம் இருக்கிறது. கொடும்பாளூர் போகும்போது காரில் படிக்க வேண்டும் என்று வாங்கிப்போனார். இன்னும் கிளம்பியதாகத் தெரியவில்லை.