நம்ம ஊர் கத்தாளைக்கு பெர்லினில் பெயர் வைத்த டாக்டர்: யார் இந்த ப்ளாக்?

நாவலூரில் வேலை முடித்து, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் பக்கம் மீன் வாங்கப் போகிறவர்களுக்குக் கத்தாளை தெரிந்திருக்கும். வஞ்சிரத்தைவிட மலிவு, மெத்தென்ற சதை, மண்டைக்குள் வெள்ளையாக ஒரு கல். இந்தக் கத்தாளைகளில் பல, அறிவியலில் 'ஜானியஸ்' என்ற பேரினத்தில் வருகின்றன. 1793-ல் அந்தப் பெயரை வைத்தவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

அவர் மார்கஸ் எலியேசர் ப்ளாக். 1723-ல் ஜெர்மனியின் அன்ஸ்பாக்கில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 19 வயது வரை அவருக்கு ஜெர்மன் மொழியே படிக்கத் தெரியாது. ஹாம்பர்க்கில் ஒரு யூத மருத்துவர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில்தான் ஜெர்மன், லத்தீன், உடற்கூறியல் எல்லாம் கற்றார். பிறகு டாக்டராகி பெர்லினில் தொழில் நடத்தினார். மீன் பக்கம் முழுமூச்சாகத் திரும்பியபோது வயது 50-ஐத் தாண்டிவிட்டது.

1782 முதல் 1795 வரை 12 தொகுதிகள், 432 வண்ணப் படங்கள். முதலில் சொந்தக் காசு. அது கட்டுப்படியாகாமல் போனபோது, பிரபுக்களும் அறிஞர்களும் ஆளுக்கொரு படத்துக்குச் செலவை ஏற்றார்கள். பணம் கொடுத்தவர் பெயர் படத்தின் அடியிலேயே அச்சானது. இன்றைய கிரவுட் ஃபண்டிங் மாதிரிதான்.

சரி, சோழமண்டலக் கடற்கரை மீன் பெர்லினுக்கு எப்படிப் போச்சு? 1771-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், இங்கே கிடைத்த மீன்களைக் கப்பலில் அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்த நன்றிக்குத்தான் 'ஜானியஸ்'. (கோடிக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி ஏமாற்றுவார்களே, மண்ணுளிப் பாம்பு, அதன் அறிவியல் பெயரிலும் இதே ஜான்தான் இருக்கிறார்!)

மீனோடு அதன் தமிழ்ப் பெயரும் பெர்லினுக்குப் போனது. 'கருத்த கத்தாளை'யைத்தான் ப்ளாக் 'ஜானியஸ் கருட்டா' ஆக்கினார். கத்தாளையை விட்டுவிட்டு 'கருத்த' என்ற அடைமொழியை மட்டும் பிடித்துக்கொண்டார். அனுப்பிய பாதிரியாருக்குப் பெயரில் இடம் கிடைத்தது. வலை போட்டுப் பிடித்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1799-ல் ப்ளாக் கார்ல்ஸ்பாட் நகரில் இறந்தார். உலக மீன்களை எல்லாம் வரிசைப்படுத்தும் அவருடைய கடைசி நூல் அப்போது முடியவில்லை. ஷ்னைடர் என்ற அறிஞர் அதை முடித்து 1801-ல் வெளியிட்டார். துடுப்புகளை எண்ணி மீன்களைப் பிரித்த அந்த முறை நிலைக்கவில்லை. பிரான்ஸின் குவியே வந்து வகைப்பாட்டையே மாற்றிவிட்டார். ஆனால், முறைப்படி முதலில் வெளியான பெயருக்கே முன்னுரிமை என்பது விலங்கியல் விதி. அதனால் 'ஜானியஸ்' அப்படியே நின்றது. இன்று அதில் 30-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

ப்ளாக் சேர்த்த மீன்களில் பல நூறு இன்னமும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.