கிணற்றையும் தெருவையும் பொதுவாக்கிய தீர்மானம்: திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தபோது, இரட்டைமலை சீனிவாசனாரின் பெயரே முதலில் நினைவுக்கு வந்தது. அவர் இலண்டன் வட்ட மேசை மாநாட்டிற்குச் சென்றதை நம் பிள்ளைகள் அறிவார்கள். பேச்சுப் போட்டி மேடைகளில் ஆண்டுதோறும் அதனைக் கேட்டும் வருகிறோம். ஆனால் கடல் கடந்த அப்பெருமையைவிட, குடிநீர்க் கிணறு, தெருவழி, அலுவலகத் திண்ணை என்னும் சிறு பொருள்களுக்காக அவர் 1924ஆம் ஆண்டில் செய்த வேலையே நம் அன்றாட வாழ்வை நேரே தொட்டது என்பது நம் எண்ணம். ஆதலின் அதனையே இங்கு விரித்துரைக்க விழைகிறோம்.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடங்கிய சில ஆண்டுகளுக்குள், செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் சீனிவாசனார் பிறந்தார். கோயம்புத்தூரில் கல்வி பயின்றார். ஏறத்தாழ 400 மாணவர் படித்த அக்கலாசாலையில் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணப் பிள்ளைகள். தம் குலம் வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால் அவர் எவருடனும் நெருங்கிப் பழகாமல் ஒதுங்கியே இருந்தார். விளையாட வேண்டிய வயதில் ஒரு சிறுவன் விளையாட்டைத் தவிர்த்து நின்ற காட்சியை ஆசிரியராகிய நம்மால் எளிதில் கடந்து செல்ல இயலவில்லை.

பின்னர் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணிபுரிந்து, 1890ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் 'பறையன்' என்னும் பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். எந்தச் சொல்லைச் சொல்லிப் பிறர் இழித்தார்களோ அதையே இதழின் முகப்பில் அச்சிட்டு விற்ற துணிவு சிறிதன்று. அவ்விதழ் ஏழாண்டுகள் நடந்தது. 1904இல் நாட்டை விட்டுப் புறப்பட்டவர் தென்னாப்பிரிக்காவில் தங்கி, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1921ஆம் ஆண்டளவில் தாயகம் திரும்பினார்.

1923இல் அவர் சென்னைச் சட்டசபைக்கு நியமன உறுப்பினரானார். அக்காலத்து ஆட்சி முறையைச் சற்றே விளக்கினால்தான் அவருடைய நுட்பம் புலப்படும். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த இரட்டையாட்சியில், காவல், வருவாய் முதலியன ஆளுநரின் நிர்வாக சபையிடமே இருந்தன. கல்வி, உள்ளாட்சி போன்றவை மட்டும் இந்திய அமைச்சர்களிடம் விடப்பட்டன. உள்ளாட்சித் துறை முதலமைச்சர் பனகல் அரசரிடம் இருந்தது. அவர் நமக்கு அண்மையிலுள்ள காளத்தியில் பிறந்தவர். ஊர்ச் சாலை, கிணறு, குளம், சந்தை யாவும் நகராட்சிகளும் ஜில்லா போர்டுகளும் பொதுமக்களின் வரிப்பணத்தைக் கொண்டு பேணியவை. அவ்வரியில் நம்மவர் உழைப்பும் கலந்திருந்தது. சாத்திரம் என்ன சொல்கிறது என்னும் வழக்காட்டில் சீனிவாசனார் இறங்கவில்லை. பொதுப்பணத்தில் நிற்பது பொதுமக்களுக்கு உரியதா அன்றா என்பதை மட்டும் சபையின் முன் வைத்தார்.

தீர்மானம் 1924 ஆகஸ்டில் சபையில் நிறைவேறியது. அதே ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், உள்ளாட்சித் துறையின் 2660ஆம் எண் அரசாணையாக வெளிவந்தது. எந்த வகுப்பினரும் எந்த ஊரிலும் பொதுச்சாலை, தெரு, பாதை வழியாக நடந்து செல்வதற்குத் தடையில்லை என்பது அதன் முதற்பகுதி. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் இடம், பொதுக்காரியம் நடைபெறும் கட்டடம் ஆகியவற்றை, சாதி இந்துக்கள் பயன்படுத்தும் அதே அளவிலும் அதே முறையிலும் ஒடுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்பது இரண்டாம் பகுதி. அதே அளவு, அதே முறை என்னும் சொற்களை இளைஞர்கள் ஊன்றி நோக்க வேண்டும். அவை இல்லையேல், தனியே ஒரு கிணற்றைத் தோண்டிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததெனக் கையைத் துடைத்துக்கொள்வது எளிதாயிருந்திருக்கும்.

அந்நாளில் அரசின் செய்திகளை ஊர்களில் பறையறைந்து தெரிவிப்பது வழக்கம். அறைவோர் நம்மவர். பிறருக்கான அறிவிப்பையே தலைமுறை தலைமுறையாக அறைந்து வந்த கைகளுக்கு, தம் உரிமையைச் சொல்லும் அறிவிப்பு ஒன்று அப்போதுதான் வாய்த்தது.

எனினும் உண்மையை மறைத்தல் ஆகாது. அவ்வாணை தடையில்லை என்றதேயன்றித் தடுப்போருக்குத் தண்டனை வகுக்கவில்லை. நகராட்சிக்குரிய தெருக்கள் சாதி, மத வேறுபாடின்றி யாவர்க்கும் திறந்தவை என்னும் விதி பின்னரே நகராட்சிச் சட்டத்தில் இடம்பெற்றது. கோயிலைப் பற்றியும் ஆணையில் ஒரு சொல் இல்லை. கோயில் நுழைவுக்கு 1939ஆம் ஆண்டுச் சட்டமும் 1947ஆம் ஆண்டுச் சட்டமும் வர வேண்டியிருந்தது.

உள்ளாட்சி மன்றத்தின் கையில் எத்துணை ஆற்றல் உண்டு என்பதற்கு மராட்டியத்து மகாட் நகராட்சியை நோக்கலாம். பம்பாய்ச் சட்டசபையில் போலே என்பவர் 1923இல் கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று, 1924 சனவரியில் அந்நகராட்சி சவுதார் குளத்தை யாவர்க்கும் திறந்துவிட்டது. தீர்மானம் ஏட்டில் கிடந்தது. குளத்தில் இறங்க எவராலும் இயலவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மக்களோடு சென்று அந்நீரைப் பருகினார். ஆகஸ்டு மாதத்தில் அதே நகராட்சி தன் தீர்மானத்தைத் தானே நீக்கிக்கொண்டது! வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்று, 1937 மார்ச்சில்தான் நம் பக்கம் தீர்ப்பாயிற்று. கூட்ட அறையில் கைகளைத் தூக்கி ஒரு நாழிகையில் மாற்றியதை மீட்கப் பத்தாண்டுகள் ஆயின.

நம் திருத்தணிக்கும் 2660ஆம் எண் ஆணை பொருந்தியது. அன்று இவ்வூர் சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எனவே நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தெலுங்கு பேசும் நம் உறவினர்க்கும் அதே ஆணைதான். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. இன்று ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் பெருங்கூட்டம் சரவணப் பொய்கையில் நீராடி, 365 படிகள் ஏறி இறங்கிச் சென்றபின், தெருக்களைத் துப்புரவு செய்யும் கைகளில் பெரும்பாலானவை யாருடையவை என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்கைகளுக்கு உறையும், காலுக்குச் செருப்பும், உரிய ஊதியமும் கிடைப்பது நகர்மன்றக் கூட்டப் பொருள்களில் ஒரு வரியாக எழுதப்படுவதைப் பொறுத்தது.

இவ்விடத்தில் நம் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், நாம் வசித்த ஊரில் குடிநீர்க் குழாய் பெரிய தெருவின் முனையோடு நின்றுவிட்டது. நம் தெருப் பெரியவர்கள் மனு கொடுக்கும்போதெல்லாம், தீர்மானம் ஆகிவிட்டது, குழாய் வரும் என்னும் விடையே கிடைத்தது. இரண்டு கோடைகள் கழிந்தன. இருப்புப்பாதையில் பணிசெய்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர், தீர்மானத்தின் எண்ணும் நாளும் யாவை என்று கேட்டார். எழுத்தர் புரட்டிப் பார்த்தார். அப்படியொரு தீர்மானமே இல்லை. அன்று முதல் அம்முதியவர் கூட்டம் நடக்கும் நாளெல்லாம் அலுவலக வாயிலில் ஒரு சிறு குறிப்பேட்டோடு நின்றார். படிக்கத் தெரிந்த பிள்ளை என்று நம்மையும் உடன் அழைத்துச் செல்வார். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பதை உரக்கப் படித்துக் காட்டுவோம். மூன்றாம் கோடையில் குழாய் வந்தது. தீர்மான எண் அக்குறிப்பேட்டில் ஏறிய பின்னரே வந்தது.

சீனிவாசனார் பின்னர் 1930, 1931ஆம் ஆண்டுகளில் அண்ணல் அம்பேத்கரோடு வட்ட மேசை மாநாட்டில் கலந்துகொண்டார். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். 1936இல் திவான் பகதூர் பட்டம் பெற்றார். அப்பட்டத்தைக் கொண்டு அவரை ஆங்கில அரசின் அடிவருடி என்று ஏசியோரும் உண்டு. தன் ஊர்க் கிணற்றில் தண்ணீர் முகக்க உரிமையற்றிருந்தவன் எந்த அரசிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும் என்பதற்கு அவர்கள் விடை சொன்னதாகத் தெரியவில்லை.

1945 செப்டம்பர் 18ஆம் நாள் அவர் மறைந்தார். நாடு விடுதலை பெற இன்னும் இரண்டாண்டுகள் இருந்தன. 1950 சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவில், எவர்க்கும் தடை கூடாத இடங்களாகக் கிணறு, குளம், நீராடு துறை, சாலை, மக்கள் கூடுமிடம் ஆகியவை வரிசையாகக் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை 1924ஆம் ஆண்டு ஆணையில் இருந்தவையே.